உரமிட்ட மண்ணின் மூச்சு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பீட்டர்ஷாம் என்ற சிற்றூரை ஒட்டி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான காடு இருக்கிறது. 1988இல் ஜான் ஏபர் என்ற சூழலியலாளரும் அவருடைய சகாக்களும் அந்தக் காட்டுக்குள் 30 மீட்டருக்கு 30 மீட்டர் என்று பாத்திகளை அளந்து குறித்து, அம்மோனியம் நைட்ரேட்டைக் கரைத்துத் தெளிக்கத் தொடங்கினார்கள். சில பாத்திகளில் செம்பைன் மரங்கள் நின்றன. மற்றவற்றில் ஓக், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்கள். சிலவற்றுக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 50 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), வேறு சிலவற்றுக்கு 150 கிலோ. ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் இடாத பாத்திகளும் இருந்தன.

காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை. ஆனாலும் ஆலைப் புகையும் வாகனப் புகையும் கால்நடைப் பண்ணைகளிலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் மழையோடு சேர்ந்து, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காடுகளின் மேல் தழைச்சத்தாக இறங்கிக்கொண்டிருந்தன. இப்படியே பல பத்தாண்டுகள் இறங்கினால் காடு என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுவதுதான் ஏபர் குழுவின் நோக்கம்.

தொடக்கத்தில் அகன்ற இலைக் காட்டின் மண், உரம் கிடைத்ததும் வேகமாக மூச்சு விட்டது. அந்த வேகம் நீடிக்கவில்லை. 13 ஆண்டுகள் கழித்து அளந்தபோது, அதிக உரம் பெற்ற மண்ணிலிருந்து வெளியேறிய கரியமில வாயு, உரம் பெறாத மண்ணைவிடச் சுமார் 40% குறைந்திருந்தது. அதிக உரம் பெற்ற செம்பைன் மரங்களில் பல பட்டுப்போயின.

காற்றுக்குப் போகும் கரியமில வாயு குறைந்தால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். காலநிலையைப் பற்றிக் கவலைப்படும் எவரும் முதலில் அப்படித்தான் கேட்பார்கள். இந்த உரை அந்தக் கேள்விக்குள் இறங்கிப் பார்க்க முயல்கிறது. மூச்சு கூடியதா குறைந்ததா என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு மண்ணின் நலத்தையோ காற்றின் நலத்தையோ சொல்லிவிட முடியாது. மூச்சு விட்டது யார், அந்தக் கணக்கில் விட்டுப்போனது எது என்பதைக் கேட்காத வரை அந்த எண் வழிதவறவே வைக்கும்.

முதலில் அளவு. உலகின் மண் முழுவதும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கோடி டன் கார்பனைக் கரியமில வாயுவாக வெளியே விடுகிறது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எல்லாவற்றையும் எரித்து மனிதர்கள் விடுவது சுமார் 1,000 கோடி டன். மண்ணின் மூச்சு அதைப்போல எட்டு முதல் பத்து மடங்கு. பயிரும் காடும் ஒளிச்சேர்க்கை மூலம் ஏறக்குறைய அதே அளவை உள்ளே இழுத்துக்கொள்வதால் கணக்கு ஓரளவு நேராகிறது. நிலத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மட்டும் சுமார் 1,50,000 கோடி டன் கார்பன் மட்காகவும் உயிர்ப்பொருளாகவும் தங்கியிருக்கிறது. இது காற்று மண்டலத்தில் உள்ள கார்பனைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய இருப்பில், வரவுக்கும் செலவுக்கும் இடையே நூற்றுக்கு ஒன்று ஆண்டுதோறும் பிசகினாலும் அதன் விளைவு சிறியதாக இருக்காது.

இதை வயலில் அளக்கும் விதம் எளியது, ஆனால் பொறுமை கேட்பது. உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றே பெரிய பிவிசி வளையத்தை மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்திவிட்டு, ஒரு நாளாவது அப்படியே விட்டுவிடுவார்கள். வளையத்தை இறக்கும்போது அறுபட்ட சல்லிவேர்களும் கலைந்த மண்ணும் வழக்கத்துக்கு மாறாக வாயுவை விடும் என்பதால் இந்தக் காத்திருப்பு. மறுநாள் வளையத்தின் மேல் மூடியைப் பொருத்தி, உள்ளே சேரும் காற்றை அகச்சிவப்புக் கதிர் கருவிக்குள் சுற்றவிடுவார்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 என்ற அளவில் இருக்கும் கரியமில வாயு, மூடிக்குள் நொடிக்கு நொடி ஏறும். இரண்டு நிமிடத்தில் அது ஏறிய வேகம்தான் அந்த இடத்தின் மண் சுவாசம். காலையில் ஒரு எண், நடுப்பகலில் வேறு, மழை பெய்த மறுநாள் முற்றிலும் வேறு.

இந்த இடத்தில் யூரியா ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறது. மண்ணில் விழுந்த யூரியாவை, யூரியேஸ் என்ற நொதி சில நாட்களுக்குள் அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரித்துவிடும். யூரியா தூவிய இரண்டாம் நாள் மூடி வைத்து அளந்தால் எண் சட்டென்று உயரும். அதில் ஒரு பங்கு எந்த உயிரின் மூச்சும் அல்ல. மூட்டைக்குள் அடைபட்டிருந்த கார்பன். இதைக் கழிக்காமல், உரம் போட்டதால் மண்ணுயிர்கள் துடிப்பாகிவிட்டன என்று முடிவுகட்டினால் அது தவறு.

கருவி காட்டும் எண்ணுக்குள் இரண்டு தரப்பின் மூச்சு கலந்திருக்கிறது. ஒன்று, வேர்களும் வேரை ஒட்டி வாழும் பூஞ்சைகளும் விடுவது. அது அண்மையில் இலை தயாரித்த சர்க்கரையை எரித்த மூச்சு. மற்றொன்று, மட்கையும் சருகையும் தின்னும் நுண்ணுயிர்கள் விடுவது. முதலாவது இன்றைய வரவிலிருந்து செய்யும் செலவு; இரண்டாவதில்தான் பழைய சேமிப்பு கரைகிறது. இந்தப் பிரிவு எவ்வளவு பெரியது என்பதை சுவீடனின் வடக்கே ஒரு பைன் காட்டில் பீட்டர் ஹெக்பர்க் குழுவினர் காட்டினார்கள். மரத்தின் அடிப்பகுதியில் பட்டையைச் சுற்றிலும் உரித்து, இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரை இறங்கும் வழியை அறுத்தார்கள். ஐந்தே நாளில் மண் சுவாசம் 37% வரை குறைந்தது. ஒன்றிரண்டு மாதத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது. 2001இல் வெளிவந்த இந்தச் சோதனைக்குப் பிறகு, மண் சுவாசம் என்றால் மட்கு சிதைவது மட்டுமே என்று நினைப்பதற்கு இடமில்லாமல் போனது.

இனி ஹார்வர்டு காட்டுக்குத் திரும்பினால், குறைந்த மூச்சின் காரணங்கள் தெளிவாகும். சத்து தாராளமாகக் கிடைக்கும்போது மரம் அதைத் தேடி வேருக்கும் வேர்ப்பூஞ்சைக்கும் சர்க்கரையை அள்ளிக்கொடுக்கத் தேவையில்லை, கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது மண்ணுக்குள் நடப்பது. மரச்சருகின் கடினப் பொருளான லிக்னினை உடைக்கக்கூடியவை பெரும்பாலும் பூஞ்சைகள். அவை லிக்னினை உடைப்பதில், அதற்குள் பொதிந்து கிடக்கும் தழைச்சத்தை எடுப்பதும் ஒரு நோக்கம். தழைச்சத்து வெளியிலிருந்தே கிடைத்துவிட்டால், லிக்னினை உடைக்கும் நொதிகளைச் சுரப்பது குறைகிறது. 20 ஆண்டு முடிவில் செரீட்டா ஃபிரே குழுவினர் அதே பாத்திகளைத் தோண்டிப் பார்த்து 2014இல் எழுதினார்கள்: பூஞ்சைகளின் எடை சரிந்திருந்தது, லிக்னின் மிஞ்சியிருந்தது, மண்ணில் கார்பன் கூடியிருந்தது. பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்த கேத்லீன் டிரெசிடர், தழைச்சத்து இட்ட மண்ணில் நுண்ணுயிர்களின் மொத்த எடை சராசரியாக 15% குறைகிறது என்று 2008இல் காட்டினார். மித வெப்பக் காடுகளின் மண்ணில் தழைச்சத்து மட்குவதைத் தடுக்கிறது என்று 2010இல் ஐவன் ஜான்சன்ஸ் குழுவின் தொகுப்பும் சொன்னது.

மண்ணில் கார்பன் சேர்ந்தது உண்மை. ஆனால் அது எப்படிப்பட்ட சேமிப்பு என்பதைப் பார்க்க இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணைக்குப் போக வேண்டும். அங்கே ‘பார்க் கிராஸ்’ என்ற புல்வெளிச் சோதனை 1856 முதல் நடந்து வருகிறது. அம்மோனியம் சல்பேட்டைப் பல பத்தாண்டுகள் பெற்று, சுண்ணாம்பு பெறாத பாத்திகளில் மண் புளித்து அதன் பி.எச். 3.5 அளவுக்கு இறங்கிவிட்டது. உரமிடாத பாத்தியில் நாற்பது வகைச் செடிகள் வரை வளர, இந்தப் பாத்திகளில் இரண்டு மூன்று வகைப் புற்களே மிஞ்சின. மண்புழுக்கள் அருகிவிட்டன. விழுந்த புல் மட்காமல், தடித்த பாய் விரித்ததுபோல் நிலத்தின் மேல் படிந்து கிடக்கிறது. அளந்தால் அங்கேயும் கார்பன் மேலே சேர்ந்திருக்கிறது என்றுதான் வரும். அதை வளமான மண் என்று எந்த உழவரும் ஒப்புக்கொள்ளமாட்டார். செரிமானம் நின்றுபோனதால் சேர்ந்த சேமிப்பு அது; சுண்ணாம்பு விழுந்தால் மறுபடி மட்கத் தொடங்கிவிடக்கூடியது.

இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. அலாஸ்காவின் டூலிக் ஏரிக் கரையில், உறைபனிச் சமவெளியில், 1981 முதல் தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்த்து இட்டு வந்தார்கள். செடி கொடி நன்றாகத் தழைத்தது. நிலத்துக்கு மேல் வளர்ச்சி ஏறக்குறைய இரட்டிப்பானது. புல் குத்துகள் இருந்த இடத்தைக் குள்ளப் பிர்ச் புதர்கள் பிடித்துக்கொண்டன. மேலே பார்த்தவர்களுக்கு அது கார்பனைச் சேர்த்துவைக்கும் நிலமாகத்தான் தெரிந்திருக்கும். 20 ஆண்டு கழித்து மிஷெல் மேக் குழுவினர் ஆழ மண்ணையும் எடுத்து அளந்தார்கள். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ கார்பன், செடியில் சேர்ந்ததையெல்லாம் கழித்த பிறகும், நிகரமாகக் காணாமல் போயிருந்தது. குளிரோடு சத்துப் பஞ்சத்தாலும் மட்காமல் ஆண்டாண்டாய்க் கிடந்த ஆழத்துப் பொருளை, சத்து கிடைத்த நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிட்டன. 2004இல் வெளிவந்த இந்த ஆய்வு துருவ நிலங்களைப் பற்றிய கவலையைப் பல மடங்காக்கியது. பூமி சூடாகி உறைபனி உருகும்போது, யாரும் உரம் போடாமலே அந்த மண்ணில் தழைச்சத்து விடுபடும்.

ஒரே சத்து ஓரிடத்தில் மூச்சை அடக்குகிறது, மற்றோரிடத்தில் கிளறிவிடுகிறது. இதில் முரண்பாடு ஏதுமில்லை. நுண்ணுயிருக்குக் கிடைக்கும் தீனி எத்தகையது, அதற்கு முன்பு எது பற்றாக்குறையாக இருந்தது, மண் எவ்வளவு புளித்துப்போகிறது என்பவற்றைப் பொறுத்தது அது.

வயலில் இதை வைக்கோலே காட்டிக்கொடுக்கும். நெல் வைக்கோலில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கார்பன் 60 முதல் 80 பங்கு. நுண்ணுயிரின் உடம்பிலோ ஒன்றுக்கு எட்டு என்ற கணக்கு. வைக்கோலைத் தின்ன வரும் நுண்ணுயிர் தன் உடம்புக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. அறுவடை முடிந்ததும் வைக்கோலை மடக்கி உழுது, இடைவெளி விடாமல் நட்டால் பயிர் மஞ்சளடிப்பது இதனால்தான். அந்த வயலில் கொஞ்சம் யூரியா விழுந்தால் மட்குவது விரைவுபடும், மண்ணின் மூச்சு ஏறும். புது வைக்கோல் போன்ற எளிய தீனிக்குத் தழைச்சத்து தூண்டுகோல். மரச்சருகின் லிக்னின் போன்ற கடினத் தீனிக்கு அது தடை. காட்டுக்கும் வயலுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இதற்குள் அடங்கிவிடும். உலகெங்கும் நடந்த சோதனைகளைச் சேர்த்து 2014இல் வெளியான தொகுப்பு ஒன்றில், தழைச்சத்து இட்டால் மண் சுவாசம் பயிர் நிலத்தில் சராசரியாக 12%, புல்வெளியில் 8% கூடுவதும், காடுகளில் ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைவதும் தெரியவந்தது.

பயிர் நிலத்தில் கூடும் அந்த மூச்சைக் கண்டு உடனே பதறவும் வேண்டாம். உரம் பெற்ற பயிருக்கு வேர் அதிகம். வேர் அதிகமானால் அதன் மூச்சும் அதிகம். பழைய மட்கு கரைகிறதா என்பதுதான் கேட்க வேண்டியது. அதற்கு நீண்ட காலச் சோதனைகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ராதம்ஸ்டெட்டிலேயே 1843இல் ஜான் பென்னட் லாஸ் தொடங்கி, ஜோசப் ஹென்றி கில்பர்ட்டோடு சேர்ந்து வளர்த்த ‘பிராட்பாக்’ கோதுமை வயல் இதற்கு முதன்மையான சாட்சி. அங்கே ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் தொழு உரம் பெற்ற பாத்தியில் மண்ணின் கார்பன், ஒன்றும் பெறாத பாத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்திகளில், விளைச்சல் பல மடங்கு கூடியபோதும், கார்பன் சற்றுத்தான் கூடியிருக்கிறது. தாளும் வேரும் விட்டுச்சென்ற வரவு அவ்வளவுதான்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் 1876 முதல் நடக்கும் ‘மாரோ’ வயல்களின் பதிவை எடுத்துக்கொண்டு, எஸ். ஏ. கான், ரிச்சர்ட் முல்வேனி ஆகியோர் 2007இல் இன்னும் கடுமையாகவே எழுதினார்கள். பல பத்தாண்டுகள் தாராளமாகத் தழைச்சத்து இட்டு, மக்காச்சோளத் தட்டையை மலைபோல மண்ணுக்குத் திருப்பிக் கொடுத்தும் கார்பன் இறங்கியே வந்தது என்பது அவர்கள் வாதம். எதிர்வாதமும் உடனே வந்தது: உரமிடாத பாத்தியில் அதைவிட அதிகம் இறங்கியிருக்கிறதே? இரண்டு தரப்பும் தரவைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஒருவர் வயலை அதன் சொந்தப் பழைய நாளோடு ஒப்பிட்டார். மற்றவர் பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டார். காற்றுக்குப் போன கார்பனைக் கணக்கிடுகிறவர், வயலின் பழைய நாளோடுதான் ஒப்பிட்டாக வேண்டும். அண்டைப் பாத்தியைவிட மெதுவாக இழப்பதும் இழப்புதான்.

கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருச் சோதனை வயல், இந்தியாவின் மிகப் பழைய சோதனைகளில் ஒன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கும் அந்தச் செம்மண் பாத்திகளிலும் அங்ககக் கரிமத்தில் முந்தி நிற்பது தொழு உரம் பெற்ற பாத்தியே. வெப்ப மண்டலத்தில் நூறாண்டு கடந்த மண் சோதனை என்பது உலகிலேயே அரிது. பார்க் கிராஸுக்கும் பிராட்பாக்குக்கும் கிடைக்கும் பேச்சும் பெருமையும் அந்தக் கோவைப் பாத்திகளுக்கும் கிடைக்க வேண்டும். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் மட்கு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை குளிர்நாட்டு வயல் சொல்லித் தராது.

இதுவரை பேசியது கரியமில வாயுவைப் பற்றி மட்டும். மண் சுவாசத்தை அளக்கும் மூடிக்குள் கரியமில வாயுவுக்கான கருவியை மட்டும் வைத்தால் கண்ணில் படாமல் போகும் வாயு ஒன்று உண்டு: நைட்ரஸ் ஆக்சைடு. உபரித் தழைச்சத்தை மண்ணின் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போதும், ஈரம் மிகுந்து காற்று குறையும்போது அந்த நைட்ரேட்டைச் சிதைக்கும்போதும் இது கசிகிறது. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது. ஓசோன் படலத்தையும் அரிக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிக்கு 270 என்ற அளவில் இருந்தது, இப்போது 335ஐத் தாண்டிவிட்டது.

கணக்கைக் கையால் போட்டே பார்க்கலாம். புன்செய்ப் பயிர் ஒன்றுக்கு எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து யூரியாவாக இடப்படுகிறது என்று கொள்வோம். யூரியாவில் தழைச்சத்து 46% என்பதால் அது 217 கிலோ, 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஐந்து. அந்த யூரியா பிரியும்போது அதற்குள் இருக்கும் கரியமில வாயு 159 கிலோ வெளியேறும். அது எங்கிருந்து வந்தது? உர ஆலையில் இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும்போது மிஞ்சிய வாயுதான். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் தொடங்கிய ஹேபர்–போஷ் முறையில் அம்மோனியாவைச் செய்து, அதனோடு இந்த வாயுவைச் சேர்த்தே யூரியா ஆக்குகிறார்கள். ஆலையில் பிடித்துவைத்ததை வயல் திறந்துவிடுகிறது. அடுத்தது நைட்ரஸ் ஆக்சைடு. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு வகுத்த பொதுக் கணக்குப்படி இட்ட தழைச்சத்தில் 1% இந்த வாயுவாகிறது. 100 கிலோவுக்கு 1 கிலோ. வாயுவின் எடையாக 1.57 கிலோ, கரியமில வாயுக் கணக்கில் சுமார் 429 கிலோ. இரண்டும் சேர்ந்து 588 கிலோ.

இதை ஈடுகட்ட அந்த எக்டேர் நிலம் ஆண்டுதோறும் 160 கிலோ கார்பனைப் புதிதாகச் சேர்த்து, சேர்த்ததை இழக்காமலும் வைத்திருக்க வேண்டும். யூரியா செய்ய ஆலையில் எரித்த எரிவாயு இந்தக் கணக்கில் வரவில்லை. உரம் போட்டால் பயிர் பெருக்கும், பயிர் பெருத்தால் மண்ணில் கார்பன் சேரும், ஆகவே யூரியா காலநிலைக்கு நல்லது என்ற வாதம் இந்த எண்ணின் முன்னால் நிற்பதில்லை. அதே மூச்சில் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். தழைச்சத்தே வேண்டாம் என்பவர்கள் மனிதர்களின் பசியைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். உரமில்லாமல் அதே நெல்லை விளைவிக்க இன்னும் எத்தனை காட்டை அழிக்க வேண்டியிருக்கும், அந்த மண்ணிலிருந்து எவ்வளவு கார்பன் கிளம்பும் என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

நீர் கட்டிய நெல் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு இதைவிடக் குறைவு. அங்கே தொல்லை மீத்தேன். மீத்தேனைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டச் சொல்கிறார்கள். அது சரியான யோசனையே. ஆனால் வயல் காயும்போது மண்ணிலுள்ள அம்மோனியம், நைட்ரேட்டாக மாறுகிறது; மறுபடி நீர் ஏறும்போது அது நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்புகிறது. மேலுரம் போட்ட கையோடு வயலைக் காயவிட்டால், மீத்தேனில் மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கை இதில் இழக்க நேரும். நீர் மேலாண்மையையும் உர மேலாண்மையையும் தனித்தனித் துண்டறிக்கைகளாக அச்சிட்டுக் கொடுப்பதில் உள்ள குறை இது.

2015இல் இந்திய அரசு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது. வேம்பு, யூரியாவின் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தணிக்கிறது. தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி போன்றவற்றை மடக்கி உழுதால் தழைச்சத்தும் கார்பனும் ஒன்றாகவே மண்ணுக்குள் போகின்றன. நுண்ணுயிருக்கு வேண்டிய விகிதம் அந்தச் செடியிலேயே அமைந்திருக்கிறது. இவற்றோடு அளவையும் கவனிக்க வேண்டும். இட்ட தழைச்சத்து பயிரின் தேவையைத் தாண்டியதும் நைட்ரஸ் ஆக்சைடு அதே விகிதத்தில் கூடுவதில்லை. அதைவிட வேகமாக எகிறுகிறது. ஆகவே கடைசியாக இடும் அந்த ஒரு மூட்டைதான் காற்றுக்கு அதிகக் கேடு செய்கிறது, விளைச்சலுக்கோ மிகக் குறைவாகவே உதவுகிறது.

அந்த மூட்டை தேவையா என்பதைச் சொல்ல, நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14ஆம் நாள் தொடங்கி, வாரம் ஒருமுறை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள் வயலில் இறங்க வேண்டும். அட்டையின் மேல் வெயில் படாதபடி உடம்பால் மறைத்துக்கொண்டு, முழுதாக விரிந்த உச்சி இலையின் நடுப்பகுதியை அட்டையில் வைத்து நிறம் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண், மற்ற ரகங்களுக்கு நான்காம் எண். பத்து இலை பார்த்ததில் ஆறோ அதற்கு மேலோ அந்த நிறத்துக்குக் கீழே வெளுத்திருந்தால் யூரியா இடலாம். இல்லையென்றால் அந்த வாரம் மூட்டையைப் பிரிக்க வேண்டியதில்லை.